பதினொன்றும் பதினான்கும்

வில்ஃப்: அதனால... அன்பான... அன்பான...

ஹில்டா: காகிதத்தைத் தலைகீழா பிடிச்சிருக்கியா?

வில்ஃப்: நேராத்தான் இருக்கு. என் எழுத்துதான் கோணல்.

ஹில்டா: மணி அடிக்க இன்னும் கால்மணி நேரம் இருக்கு. இந்தச் சுவர்மேல உக்காந்து மெதுவா படி.

வில்ஃப்: அறுவடை நன்றி ஆராதனையில பேச வேற ஆளா கிடைக்கல? அம்பத்தாறு வயசுல எழுத்துக் கூட்டப் பழகினவனைப் போயி...

ஹில்டா: பாதிரியார் பேசினா மதியச் சாப்பாடு ஆறிப்போகும். நீ அஞ்சு நிமிஷத்துல உக்காந்துடுவ. அதான்.

வில்ஃப்: ஒரே ஒரு வார்த்தையைத்தான் எடுத்திருக்கேன். காங்கிரிகேஷன்.

ஹில்டா: நம்மளைத்தானே அப்படிச் சொல்றாரு? சர்ச்சுல கூடி உக்காந்திருக்கிறவங்களை.

வில்ஃப்: ஆமா. அகராதியில தேடிப் பிடிக்க ரெண்டு நாள் ஆச்சு. அது லத்தீன்ல இருந்து வந்துச்சாம். கிரெக்ஸ்னா மந்தை. கான்னா ஒண்ணா. மந்தையா ஒண்ணு சேர்றது.

ஹில்டா: ரோமாபுரிக்காரனும் ஆடு மேய்ச்சானா?

வில்ஃப்: மேய்க்காமலா இப்படிப் பேசுவான்? நாப்பது வருஷமா நாய் பின்னாடி ஓடி ஓடிச் செய்ற வேலை... அதுக்குள்ள இவ்வளவு பெரிய வார்த்தை இருக்குன்னு இப்பத்தான் தெரியுது.

ஹில்டா: சர்ச்சுல இருக்கிற கிழடுகளையெல்லாம் ஆடுன்னு சொல்லப்போற. உனக்கு டீ கிடைக்காது.

வில்ஃப்: சிரிக்காத. கடைசியில ஒரு வரி இருக்கு. உன்னைப் பத்தி.

ஹில்டா: என்னவாம்?

வில்ஃப்: நீ இல்லாம இந்த மந்தை நிறையாதுன்னு. அதைப் படிக்கணுமா, கோடு போட்டு அடிக்கணுமான்னு நீதான் சொல்லணும். நாளைக்கு ஏலக்காரர் வர்றாராமே?

ஹில்டா: ...யார் சொன்னது?

வில்ஃப்: ஊரே சொல்லுது. ஆட்டையெல்லாம் வித்துட்டு, கெண்டல் டவுன்ல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போறியாம்.

ஹில்டா: பிப்ரவரி பனியில அறுபதுல நாப்பது போச்சு. அன்னிக்கே ஏலக்காரருக்குக் கடிதம் எழுதி வச்சேன். அப்புறம், வழிதவறின ஆட்டைத் திருப்பிக் கொடுக்கிற கூட்டத்துல, நீ பதினொண்ணு ஓட்டிட்டு வந்த. முதுகுல என் சிவப்புச் சாயக் குறியோட.

வில்ஃப்: என் பக்கம் ஒதுங்கிக் கிடந்துச்சு. ஓட்டிட்டு வந்தேன்.

ஹில்டா: பனியில மாட்டினதுங்க நல்லாவே கொழுத்திருந்துச்சு.

வில்ஃப்: ...என்கிட்ட வைக்கோல் இருந்துச்சு.

ஹில்டா: சரி. வெளிய விட்டா, அந்தப் பதினொண்ணும் ஏன் உன் சரிவுக்கே ஏறுச்சு?

வில்ஃப்: அங்க புல்லு...

ஹில்டா: புல்லைப் பார்த்தா போகுது? இந்த மலையில வேலி ஏது? தாய் மேஞ்ச இடத்துலதான் குட்டி மேயும், சாகிறவரைக்கும். இதை உனக்கு நான் சொல்லணுமா? அதுங்க உன் ஆடு. மேல அடிச்ச சாயத்தை மாத்திட்ட. கால் பழகின வழியை மாத்த முடியல. காதை நான் தூக்கியே பார்க்கல. உன் வெட்டுக்குறி இருக்கும்னு தெரியும்.

வில்ஃப்: அப்பவே தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?

ஹில்டா: சொன்னா நீ வெட்கப்பட்டு ஒரு வருஷம் தலைகாட்ட மாட்ட.

வில்ஃப்: தினம் விடியக்காலையில நான்தான் அதுங்களை உன் பக்கம் திருப்பி விட்டேன். ஜூன்ல இருந்து வரவேயில்ல. பழகிடுச்சுன்னு நெனச்சேன்.

ஹில்டா: எங்க பழகுச்சு? எல்லைக் கல்லுகிட்ட நான்தான் நாயோட நின்னு மடக்கினேன்.

வில்ஃப்: அந்த முட்டி வலியோடயா? பேசாம என் பக்கமே விட்டிருக்கலாமே.

ஹில்டா: ஏப்ரல்ல அதுங்க என் நிலத்துல பதினாலு குட்டி போட்டுச்சே. தாய் அங்க போனா குட்டியும் அங்கதான் பழகும். அதான் நின்னேன்... நேத்து நாயைக் கட்டிப்போட்டுட்டு எல்லாத்தையும் அவுத்து விட்டேன்.

வில்ஃப்: என்னாச்சு?

ஹில்டா: தாய் பதினொண்ணும் திரும்பிக்கூடப் பார்க்காம உன் பக்கம் ஏறிடுச்சு. வீட்டுக்குப் போய் எண்ணிக்கோ.

வில்ஃப்: குட்டிங்க?

ஹில்டா: ஒண்ணுகூட என் சரிவை விட்டு நகரல.

வில்ஃப்: அப்ப... ஏலக்காரர்?

ஹில்டா: வருவாரு. அந்தக் கடிதம் அடுப்புல போயி எத்தனையோ மாசமாச்சு. என் மந்தைக்கு நல்ல கிடா ஒண்ணு வேணும்னு நான்தான் வரச் சொன்னேன். மணி அடிக்குது, எழுந்திரு. அந்த வரியை அடிக்காத... சத்தமா படி.