குரல் மட்டும்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன்.

என் தம்பியின் ராக் ஆல்பத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கடைசிப் பாட்டில் மூச்சுத் திணறத் திணறப் பாடுவானே, அதற்கு உருகாத ஆள் கிடையாது. பாடியவன் அவன், ஒலிப்பதிவு நான். மெட்டுகளில் பாதி என்னுடையவை. அட்டையில் அவன் பெயர் மட்டும்தான் இருக்கும். அதைப் பற்றி நான் வாயே திறந்ததில்லை.

அந்த ஆல்பம் உருவான கதையை அவன் மகள் இப்போது ஆவணப்படமாக எடுக்கிறாள். தங்கமான பெண். கேமராவை என் பக்கம் திருப்பி, "பெரியப்பா, அப்பா குரலை மட்டும் தனியா கேக்கணும்" என்றாள். மூல நாடாவை ஓட்டினேன். கிடார், டிரம்ஸ் என்று எல்லாவற்றின் ஒலியையும் இறக்கிவிட்டு அவன் குரலை மட்டும் ஏற்றினேன்.

அவன் பாடி முடித்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குள் அவள், "எவ்ளோ சுத்தமா ரெக்கார்ட் பண்ணியிருக்கீங்க பெரியப்பா" என்றாள். இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாடா ஓடிக்கொண்டே இருந்தது.

"அண்ணா, மூச்சு முட்டுது. கதவத் திற."

பிறகு கதவைத் தட்டும் சத்தம். ஆல்பத்தில் அந்த இடம் முழுக்க கிடார்தான் கேட்கும். நான்தான் அப்படி அமைத்தேன்.

பாடும் அறைக்கு வெளித் தாழ்ப்பாள் போட்டதும் நான்தான். பாதிப் பாட்டில் எழுந்து ஓடுவது அவன் வழக்கம். இன்ஹேலர் பாக்கெட்டில் இருந்தால் மைக்கில் கடகடக்கும் என்று அதையும் வாங்கி என் மேசையில் வைத்திருந்தேன். நல்ல பதிவு ஓடும்போது குறுக்கே போகக் கூடாது. தொழில் தெரிந்த எவரும் அதைத்தான் சொல்வார்கள்.

"டாக்டர் வர்றதுக்குள்ள அப்பா போயிட்டாருன்னு தானே அம்மாகிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள். அதில் பொய் இல்லை. டாக்டரைக் கூப்பிடத்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

அந்தப் பகுதியை ஏன் அழிக்கவில்லை என்கிறீர்கள். மனம் வரவில்லை. அவன் மூச்சு ஒவ்வொன்றும் அத்தனை துல்லியமாக விழுந்திருந்தது.

வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். தம்பி மேல் எனக்குப் பொறாமை கிடையாது. தட்டுவது நிற்கும்வரை காத்திருந்தேன். நின்ற பிறகு திறந்தேன். அவ்வளவுதான்.

படம் வெளிவந்தால், ஒலிப்பதிவு என்கிற இடத்தில் என் பெயரை முழுதாகப் போடச் சொல்லுங்கள்.