கீழ எறங்கற நாய்

வேணாம். அத உள்ள போடு. கொரைக்குது.

தெரியும்மா, குட்டின்னா கொரைக்கத்தான் செய்யும். நான் கேட்டது கொரைக்காதது. போன்லயே சொன்னேன்ல. சின்னதா, சத்தமில்லாம, பிளாட்டு வீட்டுக்கு. பத்தாங் பெர்சுந்தைலேருந்து இந்தச் சுங்கை செம்பிலாங் வரைக்கும் மோட்டார்ல வந்திருக்கேன், மழையில. இருக்கா, இல்லையா, அத மட்டும் சொல்லு.

தண்ணியெல்லாம் வேணாம். ஒக்காரவும் வேணாம்.

எனக்கில்ல. எனக்கு எதுக்கு. தோட்டத்துல நாங்க நாய் வாங்கினதே இல்ல. அதுங்களா வரும், லயத்து வீட்டு வாசல்ல படுக்கும், சாவும். இது மவளுக்கு. துளசின்னு பேரு. சுங்கை சோவுல, நாலாவது மாடி. லிஃப்டு கெடையாது. கீழ் வீட்ல மலாய்க்காரவுங்க, எதுத்த வீட்ல கைக்கொழந்தை. நாய் கொரைச்சா புகார் போவும், அவங்க மேலயும் தப்பில்ல. புகார் போனா மாப்பிள்ளைக்கு ஒரு சாக்கு கெடைக்கும், நாயத் தூக்கி வெளியில போட. அவன் போட்டா மாடிப்படி வழியா கொண்டுபோய்ப் போட மாட்டான்.

இது என்ன, மூஞ்சி சப்பையா. பக்கு நாயா. மூச்சு வாங்குதே நின்ன எடத்துலயே. நாலு மாடி ஏறி எறங்கணும், முடியாது. அந்த எலி மாதிரி இருக்கே, அது? சிவாவாங்கற சாதியா. நடுங்குது. நடுங்கறதுக்கு அந்த வீட்ல ஏற்கனவே ஆள் இருக்கு. அடுத்தது.

ஷிட்ஸு. ம். இதுக்குச் சாதிச் சட்டிபிக்கேட்டு இருக்கா? நல்லது, மாப்பிள்ளைக்கு அது வேணும். குமணன்னா அந்த பிளாக்குல தெரியாத ஆள் இல்ல. கோயில் கமிட்டி, சட்டைல ஒரு சுருக்கம் இருக்காது. மொதல்ல நாயே வேணாம்னான். இப்ப பெரிய பெரிய மேனேஜருங்கல்லாம் இந்த மாதிரிச் சின்ன நாய்தான் வெச்சிருக்காங்க மாப்ளன்னு நான்தான் எடுத்து விட்டேன். கொஞ்ச நாள் பேசல. அப்புறம் அவனே கூப்ட்டு, மாமா, பாக்க லட்சணமா இருக்கணும்ங்கறான்.

இந்தச் சாதில இருக்கற மூணு குட்டியையும் கீழ விடு. அந்த பிஸ்கட்டு டின்னு மூடிய எடு.

பயந்துட்டியா. மூடிய வேணும்னுதாம்மா கீழ போட்டேன். பாரு, கறுப்பு கத்துது. அது வேணாம். இது நின்ன எடத்துலயே ஒண்ணுக்கு போயிட்டுது. இந்த வெள்ளையும் மண்நெறமும் கலந்தது இருக்கே, மூலைக்குப் போயி திரும்பிப் பாக்குது. வாயத் தொறக்கல. இன்னொரு தரம் பாப்போம். ஏய், கழுத. சனியனே. இங்க என்ன பார்வை.

ஒன்ன இல்ல, நாயத்தான் திட்டறேன். அந்த வீட்ல தட்டு விழும். கதவு படார்னு சாத்தும். அப்ப இது சும்மா இருக்கணும். இல்லாட்டி அதுக்கும் விழும்.

இதான். இத எடுத்துக்கறேன்.

என்ன அப்படிப் பாக்கற? ஆமா, கை நீட்டறவன்தான். நீ இப்ப என்ன கேக்கப் போறேன்னு தெரியும், எல்லாரும் அதான் கேப்பாங்க. போலீஸுக்குப் போனேன். அவளக் கூப்ட்டு விசாரிச்சாங்க. ஒன்னுமில்ல, அப்பாவுக்கு வயசாயிருச்சு, தப்பா நெனச்சிட்டாருன்னு சொல்லிட்டா. குமணன் பக்கத்துலயே நின்னான். பிள்ளைய அவன் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு இருந்தான். அவ வேற என்ன சொல்லுவா, நீ சொல்லு. அந்த ரிப்போட்டுக்கு அப்புறம் துளசி காலு தரையில படல.

கட்டியெல்லாம் போடலம்மா. வாசல் கிரில்லு கதவு சாவி அவங்கிட்ட, அவ்வளவுதான்.

பிள்ளைக்கு மூணு வயசு. பொம்பளப் பிள்ள, அன்பரசி. இது பிள்ளைங்களக் கடிக்குமா? முடியப் புடிச்சி இழுத்தா? சரி. நான் நடக்கறேன், பின்னால வருதா பாரு. வருதா? காலச் சுத்துதே. நல்லது, இப்படித்தான் ஒட்டிக்கணும். இது எந்தப் பக்கம் போனாலும் நானும் போவேன்னு பிள்ள அழணும்.

சொல்றேன், இரு.

இப்ப என்னமோ சொன்னியே, பேப்பர்ல போவுமா? வீட்டுக்குள்ளயே? யாரு பழக்கினது? எத்தன நாளா? அட போம்மா. அத மறக்கடிக்க முடியுமா?

சிரிக்காத. மத்தவங்க பழக்கித் தாங்கன்னு கேப்பாங்க, எனக்குத் தெரியாதா. எனக்கு வீட்டுக்குள்ள போவாத நாய் வேணும். பாத்ரூம்லயும் கூடாது, பால்கனிலயும் கூடாது. மண்ணு மிதிச்சாத்தான் வரணும். காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா கீழ எறங்கியே ஆவணும். இப்பத்தான் பழகுதுன்னா, நீ இன்னிக்கே அந்தப் பேப்பர எடுத்துரு. ரெண்டு வாரம் புல்லுலயே விடு, தெனம் ஒரே நேரத்துல. அப்புறம் வந்து எடுத்துக்கறேன். வெலைய நான் கேக்கலியே, நீ ஏன் சொல்ற. சொன்னதச் செய்.

குமணன எல்லாரும் நல்ல மாப்பிள்ளைன்னுதான் சொல்றாங்க. குப்பைப் பைய அவனே கீழ கொண்டுபோவான். சாமான் அவனே வாங்கிட்டு வருவான், மீனக்கூட ஆய்ஞ்சு வாங்கிட்டு வருவான். பிள்ளைக்குக் காச்சல்னா அவனே கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போவான். கோயிலுக்குப் போயி துளசிக்குத் துன்னூறு மடிச்சு எடுத்துட்டு வந்து குடுப்பான். எந்த வேலையும் அவள விட மாட்டான். எதுக்குன்னு அவ கீழ எறங்குவா? ஒன்னு மிச்சமில்ல பாத்துக்க. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க துளசியப் பாத்து, நீ குடுத்து வெச்சவங்கறாங்க.

பிள்ளையோட பொறந்தநாளுக்குப் போயிருந்தேன். அவன் சோபாவுல எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. எப்பவும் அப்படித்தான், போன்ல பேசினாலும் ஸ்பீக்கர்ல போட்டு நடுவுல இருப்பான். துளசி காப்பியக் குடுத்துட்டுச் சொல்லுது, அப்பா, பிள்ளைக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் குடுங்கன்னு. அவ்வளவுதான் பேச்சு. நானும் சரின்னுட்டு வந்துட்டேன். பத்தாங் பெர்சுந்தை சிக்னல்ல மோட்டார நிறுத்தினப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. பின்னால லோரிக்காரன் ஆர்ன் அடிக்கறான், நான் நகரல.

அந்தப் பொண்ணுக்கு நாயின்னா ஆவாது. சபாக் தோட்டத்துல இருந்தப்ப கெண்டக்கால்ல ஒன்னு கவ்விருச்சு. அதுலேருந்து ரோட்டுச் சடக்குல நாய் படுத்திருந்தா, கால்ல போட்ட சப்பாத்தோட கால்வாய்க்குள்ள எறங்கி நடந்துதான் பள்ளிக்கூடம் போவும். செம்பனைத் தோட்டத்துக் கால்வாய், பாம்பு இருக்கும். பாம்பு பரவாயில்லப்பாங்கும். அவ கேக்கறா, நாய்.

இப்ப வெளங்குதா?

நாய்ப் பீய அவன் அள்ள மாட்டான். என்ன வேணா செய்வான், அதச் செய்ய மாட்டான். நாலு பேர் பாக்கறப்ப பிளாஸ்டிக் பைய கையில மாட்டிக்கிட்டு குனிவானா அவன்? அது பொம்பள வேலையாயிரும்.

ஆமா, மொதல்ல கூடவே எறங்குவான். பின்னாலயே நிப்பான். அப்புறம் பால்கனிலேருந்து பாப்பான். நிக்கட்டும், பாக்கட்டும். மழைக்காலம் இது, சாயங்காலம் ஆனாப் போதும் கொட்டுது. சட்டைய நனைச்சுக்கிட்டு தெனமும் நிப்பானா. நாய்க்கு மழையாவது வெயிலாவது, அதே நேரத்துக்கு எறங்கும். அவகிட்ட நேரத்தச் சொல்ல எனக்குப் போனும் வேணாம், ஆளும் வேணாம். சேதுன்னு என் அக்கா மவன், அவன் ஓட்டற காடி குப்பைத் தொட்டிக்குப் பின்னால நிக்கும். எத்தன சாயங்காலம் ஆனாலும் நிக்கும். அவ, பிள்ள, நாய். ஏறிட்டாப் போதும்.

அவன் எறங்கி வந்தா? வரட்டும். படிக்கட்டுல நான் நிப்பேன்.

சும்மா இரு, கண்ணத் தொடை. அழற நேரமில்ல இது. ஒங்கிட்ட இவ்வளவு பேசினது நாய் வாங்கறதுக்காக இல்ல. நாய் எங்கயும் கெடைக்கும். நீ ஒன்னு செய்யணும்.

குமணன் ஒன்னக் கூப்பிடுவான். அவன் எதையும் ரெண்டு எடத்துல கேக்காம நம்ப மாட்டான். பேப்பர்ல பழக்கலாமான்னு கேப்பான். பால்கனில மண்ணுத் தட்டு வைக்கலாமான்னு கேப்பான். முடியாதுன்னு சொல்லணும். இந்தச் சாதி நாய மண்ணுல எறக்கி விடாட்டி நோவு வந்து செத்துரும்னு சொல்லு. யாரு எறக்கணும்னு கேட்டா, சோறு வெக்கறவங்களே எறக்கணும், கை மாறினா அடக்கி வெச்சிக்கும்னு சொல்லு.

பொய்தான். சொல்லு.

ஒரு தரம் எங்கிட்ட சொல்லிப் பாரு. ம். வேகமா சொல்ற. நாள்பூரா இதையே நூறு பேருக்குச் சொல்லிச் சலிச்ச மாதிரி சொல்லணும். இன்னொரு தரம். பரவால்ல. குரல் மட்டும் ஆடக் கூடாது, அவன் அதத்தான் கேப்பான்.

ஒனக்கு ஒன்னும் வராது. ஒம் பேரு பிரமிளா, நாய் விக்கறவ, வேற எதுவும் தெரியாது.

இரு, போன் அடிக்குது. அவந்தான்.

மாப்ள. சொல்லுங்க மாப்ள. ஆமா, நாய்க்காரவுங்க வீட்லதான் நிக்கறேன். கெடச்சிருச்சு, நல்ல லட்சணம், சட்டிபிக்கேட்டெல்லாம் இருக்கு. துளசி பக்கத்துல இருக்கா? தூங்குதா. மத்தியானத்துல தூங்காதே அது. இல்ல இல்ல, எழுப்ப வேணாம் மாப்ள, தூங்கட்டும். பிள்ள? சரி. எதுக்குள்ள, வீட்டுக்குள்ளயேவா? பேப்பர்லயா? அதெல்லாம் எனக்கு என்ன மாப்ள தெரியும், நான் தோட்டத்து ஆளு. வளக்கற பொண்ணு இங்கதான் நிக்குது. குடுக்கறேன், நீங்களே கேட்டுக்குங்க.

இந்தாம்மா.