சாமுவேல் மேல் விழுந்த பழி

— பழியெல்லாம் போடல புஷ்பக்கா. என் கருப்பனும் கறுப்பு, ராணியும் கறுப்பு. போட்ட குட்டி ஆறுல ஒண்ணு மட்டும் வெள்ளவெளேர்னு கீது. இந்தக் காம்பவுண்டுல வெள்ளையா கீற ஒரே ஆம்பள முயலு உன் சாமுவேலு.

— குப்புராஜு, காரட்டு குடுத்தா கூட ஜெபம் பண்ற மாதிரி கையக் கூப்பிக்கினுதான் துன்னும் அது.

— கையக் கூப்பறவனத்தான் நம்பக்கூடாது. கூண்டு கழுவறப்ப ரெண்டு வூட்டு முயலும் மொட்டமாடிலதான சுத்திக்கினு கீது? அப்பதான் நடந்துக்கீது. ஒரு வூட்டு முயல்தான் இங்க இருக்கணும்னு ஓனர் ரத்தினம் சொல்லிட்டாரு. சாயங்காலம் வராரு. சாமுவேல கேளம்பாக்கத்துல என் மச்சான்கிட்ட உட்டுடறேன்.

— உன் மச்சான் வெச்சிருக்கறது பிரியாணிக் கடை.

— பின்னாடி தோட்டமும் கீதுக்கா.

— புதினாத் தோட்டம். மெர்வின் சார், மாடி ஏறிடாதீங்க. ஸ்கூல்ல சயின்ஸ் நடத்தறவரு, கொஞ்சம் நின்னு நாயம் சொல்லுங்க.

— நியாயம் தெரியாதும்மா, சயின்ஸ் சொல்றேன். குப்புராஜ், ஒவ்வொரு குட்டியும் அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணுன்னு ரெண்டு பங்கு வாங்கும். ஒரு பங்கு கறுப்பா இருந்தாலே குட்டி கறுப்பு. ரெண்டுமே வெள்ளையா அமைஞ்சாதான் வெள்ளை. உங்க ஜோடிக்குள்ளயே வெள்ளை ஒளிஞ்சிருக்கலாம்.

— எங்க சார் ஒளிஞ்சிருக்கும்? டெய்லி நான்தான் சீவி உடறேன். அடிமுடி வரைக்கும் கறுப்பு.

— முடியில இல்லப்பா, பரம்பரையில. ஏதோ ஒரு தாத்தா வெள்ளையா இருந்திருப்பாரு.

— தாத்தாவெல்லாம் இழுக்காதீங்க சார். ‘அசல் கறுப்பு’ன்னு கேட்டுல போர்டு வெச்சிருக்கேன்.

— சாமுவேலே அப்பான்னு வெச்சாலும், ராணிக்குள்ள வெள்ளை இருந்தாதான் இந்தக் குட்டி பொறக்கும். போர்டை எப்படியும் மாத்தணும்.

— யோசி குப்புராஜு. சாமுவேலு அப்பன்னா, ராணி கருப்பனுக்கு துரோகம் பண்ணிட்டா. சார் சொல்றது நெசம்னா ராணி உத்தமி. உனக்கு எது ஓணும்?

— என்னக் கொயப்பாதக்கா. கண்ணால பாத்து நம்பறவன் நான். பல்லாவரம் சந்தைலேர்ந்து நீ அத தூக்கினு வந்தப்ப, மல்லாக்கப் புடிச்சிப் பாத்து ஆம்பளன்னு சொன்னதே நான்தான? இருவது வருசமா முயல் பாக்கறேன். எடுத்துக்கினு வா, பைக்ல வெச்சிக்கினு போறேன்.

— சரி. கடைசியா ஒரு காரட்டு குடுத்துட்டு எடுத்துக்கினு வரேன்.

— பாவம் குப்புராஜ், அவங்க கண்ணு கலங்கிடுச்சு.

— எனக்கு மட்டும் ஆசையா சார்? நாயம்னு ஒண்ணு கீது. எந்தக் கலர்ல குட்டி பொறக்குதோ, அந்தக் கலர்காரன்தான் ஏரியாவ உட்டுப் போவணும். இன்னாக்கா, இன்னும் காரட்டு துன்னு முடிக்கலையா?

— குப்புராஜு, கொஞ்சம் உள்ள வா. சாமுவேலு குட்டி போட்டுக்கீது. நாலு. இன்னும் முடி கூட மொளைக்கல, தோலே கன்னங்கரேல்னு கீது.