எதிர்ப்பக்கம் பேசிய மீனா

கோட்டைப்பட்டினம் போகும் பஸ். அறந்தாங்கியில் இறங்க எழுந்தேன். முன்சீட்டுக் கல்லூரிப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "ரஷீதா, ஒங்க வாப்பாவுக்காக வகுப்புல அழுதே போயிட்டேன்டி" என்றாள். மறுபடி உட்கார்ந்துவிட்டேன், எனக்கு வேறென்ன வேலை?

"நாலு நாளா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனியே, மீனா?"

"ஒங்க விசைப்படகு எங்க நாட்டுப்படகு வலைய அறுத்தா, கொஞ்சுவாங்களா? வகுப்பு விவாதத்துல மேடம் அவங்கவங்க எதிர்ப்பக்கத்துக்குப் பேசச் சொன்னாங்க, பேசுனேன்."

"நானும்தான் ஒங்க வலைக்காகத் தொண்டை கட்டப் பேசுனேன்."

"அதுக்காக நீங்க செஞ்சது சரியாயிருமா?"

"ஆகாது. ஆனா ஒங்கப்பாகிட்ட நானே வந்து பேசுறேன்."

"கத்துவாருடி!"

"கத்தட்டும். அவரு சொல்லப்போறதெல்லாம் எனக்கு மனப்பாடம். மறந்தாருன்னா நானே எடுத்துக் குடுப்பேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கையில் இருந்தது அறந்தாங்கி டிக்கெட்.