நாமக்கல் பஸ்ஸில் ஓர் இங்கிலீஷ் வாக்கியம்

“இந்த ‘ஸ்லோலி’யை எங்க கொண்டு போய்க் கட்டறதுங்க மச்சான்?”

ராசிபுரத்தில் பஸ் கிளம்பியதும் என் பின் இருக்கையில் இப்படி ஒரு குரல் கேட்டது. நாமக்கல்லுக்குப் பெண் பார்க்கப் போகிறவர் போலும். பெண் எட்டாவது வரை படித்தவளாம். மாப்பிள்ளை இங்கிலீஷில் ஒரு வாக்கியமாவது பேசினால்தான் சம்மதம் என்றிருக்கிறாளாம். மச்சான் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார்.

“வாக்கிங்குக்குப் பக்கத்துல கட்டு மாப்ள. ‘வாக்கிங் ஸ்லோலி, ஐ சா யுவர் ஹவுஸ்.’ மெதுவா நடந்து வாரப்ப உங்க ஊட்டைப் பார்த்தேன்னு அர்த்தம்.”

“கடைசியில கட்டுனா?”

“நடந்து வந்து ஊட்டை மெதுவாப் பார்த்தேன்னு ஆயிரும். எந்த மாட்டுக்குக் கயிறு போடறயோ அந்த மாடுதான் நிக்கும்.”

“மெதுவாப் பார்த்தா நல்லதுதானுங்களே. கதவு, சன்னல், அப்பறம் அந்தப் புள்ள...”

“அந்தப் புள்ள சிரிச்சுப்போடும்.”

பள்ளிக்கூடத்தில் நானும் படித்த பாடம்தான். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. கடலைக் காடுகள் வெயிலில் மிதந்து பின்னால் போய்க்கொண்டிருந்தன. நாமக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்டதும் மச்சான், “எங்கே, ஒருக்கா சொல்லு” என்றார்.

“வேண்டாமுங்க. எனக்கு இங்கிலீஷ் வராதுன்னே சொல்லிப்போடறேன்.”

“பொண்ணு வேண்டாம்னுட்டா?”

“வேண்டாம்னா என்னையத்தானுங்களே வேண்டாம்ங்குது. நீங்க சொல்லிக்குடுத்ததைப் பேசற ஆளைப் புடிச்சுப்போச்சுன்னா, நான் எங்கீங்க போவேன்?”