உள்ளே ஐம்பது, வெளியே ஐந்நூறு

— பச்சைப் பொய் அண்ணி! என் திரையில ஐந்நூறுன்னு இருக்கு, உங்க புரோகிராம் ஐம்பதோட கதவைச் சாத்துது. இது மூணாவது தடவை.

— என் புரோகிராமுக்குப் பொய் சொல்லத் தெரியாது பாப்பா. சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான்.

— ஆபீஸ்ல பாப்பான்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? முப்பது வயசாகுது எனக்கு.

— சரிங்க மேடம். சொன்னதைச் செய்யும்ங்க மேடம்.

— ஏம்மா, அண்ணியும் நாத்தனாரும் சண்டையை அப்புறம் வச்சுக்கக் கூடாதா? நாளைக்குக் காலையிலேர்ந்து ஆம்புலன்ஸ் கேட்டு வர்ற அத்தனை போன் காலும் உங்க பெட்டி வழியாத்தான் என் பொண்ணுங்க காதுக்கு வரப்போகுது. இன்னிக்குச் சாயந்திரமே பெரிய அதிகாரி வந்து நிப்பாரு. அவருக்கு நான்ல பதில் சொல்லணும்? கால் சென்டருக்குத் தலைவின்னு என்னை எதுக்கு வச்சிருக்காங்க?

— அது வந்து மேடம், வேணும்னே யாராவது குப்பைக் காலா அனுப்பி லைனை அடைப்பாங்க இல்லையா, அதைத் தடுக்க ஒரு எல்லை. நிமிஷத்துக்கு ஐம்பது. ஆனா பெரிய விபத்துன்னா நிஜக் காலே மடை திறந்த மாதிரி வரும். அப்ப நான் இங்கேர்ந்து ஐந்நூறுக்கு ஏத்தணும். ஏத்தினேன். ஏறலை!

— ஏறலைன்னா, ஐம்பத்தோராவதா கூப்பிடறவங்க?

— கட் ஆயிடும்.

— நல்லா இருக்கே! அந்த ஐம்பத்தோராவது வீட்லயும் யாரோ விழுந்து கிடப்பாங்கம்மா. அவங்க செஞ்ச பாவம் என்ன, டயல் பண்ண ரெண்டு செகண்ட் லேட்டானதா? நான் ஒத்துக்க மாட்டேன்.

— பதறாதீங்க மேடம். பதறாத காரியம் சிதறாது. என் புரோகிராம் கர்னலுக்குள்ள, அதாவது கம்ப்யூட்டரோட உள்கட்டுல ஓடுது. கால் வந்த உடனே விடணுமா தடுக்கணுமான்னு அங்கயே முடிவு பண்ணிடும். இவ புரோகிராம் வெளிய ஓடுது. ரெண்டும் நேருக்கு நேர் பேசிக்க முடியாது.

— அப்புறம் எப்படி?

— நடுவுல கொஞ்சம் மெமரி ரெண்டு பேருக்கும் பொது. அதுல சில குளோபல் வேரியபிள், அதாவது மாத்திக்கக்கூடிய எண்கள். எல்லை எவ்வளவுன்னு இவ எழுதுவா, நான் படிப்பேன். எத்தனை கால் வந்துதுன்னு நான் எழுதுவேன், இவ படிப்பா.

— புரோகிராம் ரெண்டும் பேசிக்க முடியாது, சரி. நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே மேஜை. உங்க வாய்ல என்ன கொழுக்கட்டையா? ரெண்டு வாரமா நானும் பார்க்கறேன், ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க.

— அதை உங்க பக்கத்துல நிக்கறவங்ககிட்ட கேளுங்க மேடம்.

— பாப்பா, நீ எழுதினது போய்ச் சேர்ந்துதான்னு பார்த்தியா?

— திரையில ஐந்நூறுன்னு காட்டுதே!

— திரை காட்டறது உன் கையில இருக்கற நகலை. எழுதும்போது கர்னல் என்ன பதில் சொல்லுச்சு?

— பதிலா?

— எழுத முடிஞ்சுதா இல்லையான்னு சொல்லுமே.

— அதை... அதை நான் பார்க்கலை. எப்பவும் முடியும்தானேன்னு... ஐயையோ. அண்ணி, அனுமதி இல்லைன்னு வருது. ஏன் அனுமதி இல்லை? போன மாசம் எழுதினேனே!

— போன மாசம் அது சும்மா வேரியபிள். இப்ப அதை கான்ஸ்டன்ட், அதாவது மாறாத எண்ணா ஆக்கிட்டேன். புரோகிராம் கர்னல்ல லோட் ஆகும்போதே ஐம்பதுன்னு பூட்டியாச்சு. அதுக்கப்புறம் ஆண்டவனே வந்தாலும் எழுத முடியாது.

— யாரைக் கேட்டுப் பூட்டினீங்க?

— நீதானே பூட்டச் சொன்ன!

— நானா? எப்ப சொன்னேன்?

— உங்க அண்ணன்கிட்ட சொல்லி அனுப்பல? "ஐம்பதாம், அதை மாத்தவே கூடாதாம்"னு வந்து நின்னாரு மனுஷன். நானும் ஏன்னு கேட்கலை. கேட்கற நிலைமையிலா இருந்தோம்?

— கடவுளே. நான் சொன்னது, "ஐம்பதுல ஆரம்பிக்கட்டும், அதை நான் மாத்திக்கறேன், அண்ணி மாத்தக் கூடாது"ன்னு!

— முழுசா சொல்லியிருந்தா நான் ஏன் பூட்டப் போறேன்?

— ஏம்மா, ஆம்புலன்ஸ் சேதியை வீட்டுக்காரர் மூலமாவா அனுப்புவீங்க? விளங்கும்! முதல்ல பூட்டைத் திறங்க.

— இதோ. கான்ஸ்டன்டை எடுத்துட்டேன். ஒவ்வொரு கால் வரும்போதும் மெமரியைப் போய்ப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணணும், பழைய ஞாபகத்துல பண்ணக்கூடாதுன்னும் எழுதிட்டேன். லோட் பண்றேன். பாப்பா, நீ?

— கர்னல் என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு, அதையே திரையில காட்டறேன். அண்ணி, ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. உங்க எண்ணிக்கையை நடுநடுவுல நான் பூஜ்யம் ஆக்கிக்கிட்டு இருந்தேன், பார்க்க வசதியா இருக்கும்னு.

— அடிப்பாவி! நான் எண்ணிக்கிட்டே இருக்கும்போது நீ அழிச்சா கணக்கு எங்கேர்ந்து உருப்படும்? எல்லை உன்னுது, எண்ணிக்கை என்னுது. ஒண்ணுல ரெண்டு பேர் எழுதக்கூடாது.

— சரி சரி, இனிமே தொடமாட்டேன். எல்லை ஐந்நூறு... எழுதிடுச்சு! மேடம், சோதனைக் கால்களை விடச் சொல்லுங்க.

— விட்டாச்சு. கொஞ்சம் இரும்மா... முதல் வரிசை எரியுது. ரெண்டாவது வரிசை. ஏம்மா, என் பொண்ணுங்க மேஜை அத்தனையிலயும் விளக்கு! ஒண்ணும் கட் ஆகலையே?

— ஒண்ணுகூட இல்லை மேடம். வந்ததும் சேர்ந்ததும் சரிக்குச் சரி.

— அப்பாடா! இப்ப அதிகாரி வரட்டும், அவரோட தாத்தாவும் வரட்டும்.

— அண்ணி.

— என்ன?

— அண்ணன் ரெண்டு வாரம் முன்னாடி இன்னொண்ணும் சொன்னாரு. "உங்க அண்ணி உன்னைத் தனியா வைக்கணும்னு சொல்றா"ன்னு.

— என்னது? "பாப்பா ராத்திரி ஹால்ல படுக்குது, பாவம், மாடியில அவளுக்குன்னு தனியா ஒரு ரூம் வைக்கணும்"னு சொன்னேன்டி!

— ரூம் எங்க போச்சு அதுல?

— அதைத்தான் முழுங்கிட்டாரே! அப்ப நீ, "அண்ணிக்கும் எனக்கும் முட்டிக்குது, ஒரே வீட்ல ஆகாது"ன்னு சொன்னது?

— காலையில குளிக்கப் போகும்போது பாத்ரூம் வாசல்ல முட்டிக்கறோம், ஒரே பாத்ரூம் ஆகாது, இன்னொண்ணு கட்டலாம்னு சொன்னேன்! அதுக்கா ரெண்டு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தீங்க?

— நீ மட்டும் என்னவாம்? பஸ்ல பக்கத்து சீட் காலியா இருந்தும் நின்னுக்கிட்டே வந்தவ!

— கால் எவ்வளவு வலிச்சுது தெரியுமா அண்ணி.

— வலிக்கட்டும். எனக்கு சாப்பாடே இறங்கலை தெரியுமா?

— ஏம்மா, அழுவறதா சிரிக்கறதான்னு முடிவு பண்ணுங்க. மேஜை மேல போன் அடிக்குது பாரு.

— அண்ணன்தான்! நூறாயுசு. எடுக்கட்டுமா?

— ஸ்பீக்கர்ல போடு. இன்னிக்கு அவருக்கு இருக்கு.

— ஹலோ அண்ணா, நல்ல நேரத்துல கூப்பிட்ட. உன்கிட்ட நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசணும்.

— பாப்பா, நான் முதல்ல சொல்லிடறேன், அப்புறம் திட்டு. தங்கச்சியை அனுப்பிட்டு அந்த வீட்ல என்னால இருக்க முடியாதுடா, நீ எங்கயும் போக வேண்டாம். நானும் உங்க அண்ணியும்தான் போறோம், எங்க சாமான் பூரா லாரியில ஏத்தி, இதோ புது வீட்டு வாசல்ல நிக்கறேன்!