நாப்பத்தெட்டு கிராம்

இல்லம்மா, யாரும் வரச் சொல்லல. நானாத்தான் வந்தேன். எந்திரிக்காத, படுத்தபடியே இரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கே, தூங்கவேயில்லையா? ம்... நேத்து நான் போனதுலேர்ந்தே புள்ள அழுகையா. அதுக்குத்தான் வந்தேன். சொல்றேன், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்.

பதினெட்டு வருஷமா இதே பொழப்பு. வீடு வீடாப் போயி, பெத்தவளுக்குப் பால் குடுக்கச் சொல்லித் தர்றது. இதெல்லாம் ஒரு வேலையான்னு எங்க வீட்டுக்காரரே கேப்பாரு. காலையில போன வீட்டுல, புருஷன் சுவத்துல பெரிய அட்டவணை ஒட்டி வச்சிருக்கான். புள்ள எப்பக் குடிச்சது, எத்தன தடவ ஒண்ணுக்குப் போச்சு, எல்லாத்துக்கும் கட்டம். பொண்டாட்டி எப்ப சாப்ட்டான்னு மட்டும் கட்டம் இல்ல. எங்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான். ஆமா, எனக்கு வாய் ஜாஸ்திதான்.

உன் நாத்தனார் எங்க? ஆபீஸ் போயிட்டாங்களா? கோவமா? இருக்காதா பின்ன. நேத்து அவங்க கலக்கி எடுத்துட்டு வந்த பவுடர் பால சிங்க்குல ஊத்துங்கன்னு சொன்னேனே. புள்ள பசியில அழுவுதுன்னு அவங்க சொல்லச் சொல்ல, எடை பாத்தாச்சு, நீங்க கொஞ்சம் சும்மா இருங்கன்னு வாயடைச்சேன். நீயும் என் பக்கம் நின்ன. பாவம், மொகம் சுண்டிப் போச்சு அவங்களுக்கு.

குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு எடை, குடிச்சப்புறம் ஒரு எடை. எவ்வளவு கூடுதோ அவ்வளவு பால் உள்ள போயிருக்கு. நாப்பத்தெட்டு கிராம்னு நான் சொன்னதும் என் கையப் புடிச்சுக்கிட்டு, அப்ப எனக்குப் பால் இருக்கான்னு கேட்ட. இருக்குன்னேன். நேத்து எனக்கு இது ஏழாவது வீடு. உன் மொகத்தப் பாத்துட்டுப் போனப்ப கால்வலி கூடத் தெரியல.

சரி, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்? காலையில ஒரே தடவயா? என்ன நெறம்? செங்கல் நெறமா... பயப்படாத. குடு இங்க. வாடா பட்டு. நாக்கு ஈரமாத்தான் இருக்கு. சத்தமா அழுவுறான், அதுவும் நல்லதுதான். வர்ற வழியிலேயே டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன், இப்பவே கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. நானும் வர்றேன்.

அந்த அட்டவணக்காரன் வீட்டுல, புள்ளைய வைக்கறதுக்கு முன்னாடி எடை மெஷின் மேல துணிய விரிச்சேன். நாப்பதுன்னு காட்டுச்சு. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. நேத்து இங்க மொத தடவ வெறும் மெஷின்லதான் வச்சேன். சில்லுன்னு இருந்து துடிச்சானேன்னு ரெண்டாவது தடவ துணி விரிச்சேன். துணியக் கழிக்கல.

நாப்பத்தெட்டுல நாப்பது துணியோட எடைம்மா. உன் பால் எட்டு கிராம்தான்.

இல்ல, அழு. என்னத் திட்டணும்னாலும் திட்டு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. பால ஊற வைக்கலாம், அதுக்கு நான் தெனமும் வர்றேன். உன் நாத்தனார்கிட்ட நானே பேசறேன். ஆனா இவனுக்கு இப்பப் பசி. கெளம்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் குடுத்துடலாம். அந்த பவுடர் டப்பா எங்க இருக்கு?

தூக்கிப் போட்டுட்டியா? நான் சொன்னேன்னா?

...சரிம்மா. இவன வச்சுக்க. நான் கடைக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன்.